மாடிப்படியில் ஒரு இரவு

அன்புள்ள மல்லி,

நான்கு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டு. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாகக் கோமதி சொன்னாள், நிம்மதி. சரசு டீச்சர் வீட்டு கிரகப்பிரவேசத்தில் மூன்றாவது பந்தி வரைக்கும் காத்திருந்தாயாமே, நீ மாறவே மாட்டாய்!

இப்போது எழுதுவது மேல்வீட்டுப் பெண்ணுக்காக. நர்சிங் படிக்கிறாள் என்று சொன்னேனே, கறுப்பினப் பெண், 23 வயது. பகலில் வகுப்பு, இரவில் கடை வேலை, தம்பிக்குப் பணம், பாட்டிக்கு மருந்து. பார்க்கும்போதெல்லாம் "நீ இரும்பு" என்று சொல்வேன்.

போன செவ்வாய் இரவு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கையெல்லாம் நடுக்கம். இரண்டு மாதமாகத் தூக்கமில்லையாம். டாக்டரிடம் போனால், "தைரியமான பெண்ணாகத் தெரிகிறாய், சமாளித்துவிடுவாய்" என்று அனுப்பிவிட்டாராம். பாட்டி ஜெபம் பண்ணச் சொன்னாராம். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்களும் அதைத்தானே சொல்கிறீர்கள்" என்றாள். எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது, மல்லி.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கறுப்பின ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் மனநிலை சரியில்லை என்று பாதியில் விலகினாரே, அன்று டிவி முன்னால் இவளுடைய அத்தைமார் எல்லாரும் அவரைத் திட்டினார்களாம். இவள் மட்டும் அறைக்குள் போய் அழுதாளாம், சந்தோஷத்தில். "நிறுத்தலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னை ஓரிடத்துக்குக் கூட்டிப்போனாள். ஏழு வருடமாக அமெரிக்காவில் இந்த மான்ட்கோமரியில் இருக்கிறேன், அங்கே இருக்கும் மூன்று கறுப்பினப் பெண்களின் சிலைகளை நான் பார்த்ததில்லை. அனார்க்கா, லூசி, பெட்ஸி. 1840களில் இதே ஊரில் அடிமைகளாக இருந்தவர்கள். மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் மயக்கமருந்து கொடுக்காமல் அவர்களை அறுத்து அறுத்து வைத்தியம் பழகினார். அனார்க்காவுக்கு மட்டும் சுமார் 30 தடவை. அந்த டாக்டருக்கு நியூயார்க்கில் வைத்த சிலையை 2018இல்தான் எடுத்தார்கள். இந்த மூன்று பேருக்கும் 2021இல் மிஷெல் பிரௌடர் என்ற கலைஞர் பழைய உலோகத் துண்டுகளைச் சேர்த்துச் சிலை செய்தார். "எங்களுக்கு வலிக்காது என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டார்கள்" என்றாள். 2016இல் வர்ஜீனியாவில் நடந்த ஆய்வில்கூட, வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி டாக்டர்களிலும் பாதிப் பேர், கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன் என்பது போன்ற ஏதோ ஒரு பொய்யை நம்பியிருக்கிறார்கள். படித்தவர்கள், மல்லி!

தேடித் தேடி ஒரு கறுப்பின மனநல ஆலோசகரைப் பிடித்துவிட்டோம். வியாழக்கிழமை முதல் சந்திப்பு. உள்ளே தனியாகப் போகிறேன் என்கிறாள். நான் வெளியே காரில் உட்கார்ந்திருப்பேன். "இரும்பு" என்ற வார்த்தையை விட்டுவிட்டேன். "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று மட்டும் கேட்கிறேன்.

உன் மிளகு ரசம் அவளுக்குப் பிடித்துவிட்டது. பொடி அளவை எழுது. ஒரு கை, அரைக் கை என்று எழுதாதே, ஸ்பூன் கணக்கில் எழுது.

உன்
வசந்தி