மலசலகூடத்தின் சாவியை ரீச்சர்மாரிடம் தாருங்கள்

மதிப்புக்குரிய பிரதேச சபைத் தவிசாளர் ஐயா அவர்களுக்கும், முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம். குளக்கட்டுக்குக் கீழே உள்ள எங்கள் முன்பள்ளியின் மலசலகூடம் பூட்டிக் கிடப்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் மோட்டர் எரிந்தது, பைப்புகள் களவு போனது, அதன்பின் சாவியை வாங்கிக்கொண்டு போனது எல்லாம் தெரியும். மூன்று கடிதங்கள் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கதையைத் திரும்பவும் எழுதவில்லை. போன கிழமை பெற்றோர் கூட்டத்தில் கேட்ட ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி ஒருவர், "திருத்தும்வரைக்கும் பிள்ளையளுக்குப் பம்பஸ் கட்டி அனுப்புங்கோவன்" என்றார். நாலு வயதுப் பிள்ளைகளுக்கு. அங்கே இருந்த தாய்மார் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை.

என் மகளுக்கு இரண்டரை வயதில் பழக்கத் தொடங்கினேன். விடிய எழும்பியதும், சாப்பிட்டதும், படுக்கப் போகுமுன் என்று கூட்டிக்கொண்டு போய் இருத்துவேன். வராது. உடுப்பு மாற்றிப் பாயில் இருத்தின அடுத்த நிமிடம் வந்துவிடும். எனக்குக் கோபம் வரும். "பிள்ளையை வெருட்டாதை, வெருட்டினா ஒளிச்சுப் பழகும்" என்று அம்மா சொல்லுவார். அது உண்மை. ஏசிய நாட்களில் அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்று நனைத்தாள். ஏசாமல் விட்ட பிறகுதான் சொல்லத் தொடங்கினாள். ஒருநாள் அடுப்படியில் நின்றபோது என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அம்மா, சூ வருது" என்றாள். சோற்றைப் போட்டபடியே தூக்கிக்கொண்டு ஓடினேன். சோறு அடிப்பிடித்துப் போனது. வீட்டில் எல்லோரும் அந்தச் சோற்றைச் சந்தோசமாகச் சாப்பிட்டோம். ஆறு மாதப் பாடம் அது. அதை அழித்துவிட்டுத் திரும்பப் பம்பஸ் கட்டச் சொல்கிறீர்கள்.

இந்த ஆவணி வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் அரை லீற்றர்ப் போத்தலில் கொதித்தாறின தண்ணீர் கொடுத்து அனுப்புகிறேன். பதினொன்றரைக்குக் கூட்டப் போனால் போத்தல் கொடுத்தபடியே இருக்கிறது. முதல் கொஞ்ச நாள் விளையாட்டில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு கேட்டேன். "குடிச்சா சூ வருமெல்லோ அம்மா" என்றாள்.

அவள் தானாகக் கண்டுபிடித்த வழி இது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன மாதம் சலம் போகும்போது எரியுது என்று அழுதாள், இரவு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டுக் கிருமித்தொற்று என்றார்கள். அடக்கி வைக்க விடக் கூடாது, பெண் பிள்ளைகளுக்கு இது கெதியாக வரும், நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள் என்றார் டொக்டர். நாலு வயதுப் பிள்ளையின் சலப்பை கிட்டத்தட்ட 150 மில்லிலீற்றர்தான் கொள்ளும், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. அந்தப் பிள்ளையை எட்டரையிலிருந்து பதினொன்றரைவரை அடக்கி வைத்திரு என்று எப்படிச் சொல்வது? வவுனியாப் பக்கமெல்லாம் சிறுநீரக வருத்தத்துக்கு எத்தனை பேர் கிளினிக்குக்குப் போகிறார்கள் என்பதை நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம். அது வேறு வருத்தம்தான். ஆனாலும் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிற ஒரு பிள்ளையைப் பார்க்கத் தாய்க்குப் பயமாக இருக்காதா?

அடக்க முடியாத பிள்ளைகள் பின்பக்கப் பற்றைக்குப் போகிறார்கள். ஐயா, வன்னியில் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது என்ன? பற்றைக்குள் போகாதே, இரும்பு மாதிரி ஏதாவது கிடந்தால் தொடாதே, அம்மாவைக் கூப்பிடு. 2009இல் யுத்தம் முடிந்தும் இன்னும் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை, மண்டையோட்டுப் பலகைகள் இன்னும் நிற்கின்றன. அதோடு புடையன் பாம்பும். வீட்டில் போகாதே என்று சொன்ன இடத்துக்கே முன்பள்ளியில் போ என்றால், பிள்ளை அதற்குப் பிறகு எந்தச் சொல்லை நம்பும்?

ரீச்சர்மாரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு பேர், 27 பிள்ளைகள். ஒரு ரீச்சர் ஒரு பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் மற்றவரிடம் 26 பேர். அவர்களுக்குக் கிடைக்கிற கொடுப்பனவில் மாதம் ஓடுமா என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடம் படிப்பித்தவர்களும் நிரந்தர நியமனத்துக்காகக் காத்திருக்கிறார்கள். கட்டடம் கட்ட ஆட்கள் வருகிறார்கள், பெயர்ப்பலகை வைக்கிறார்கள், நாடா வெட்டுகிறார்கள். மோட்டர் எரிந்தால் திருத்த ஒருவரும் இல்லை. கட்டினவர்கள் பிள்ளையின் காலையாவது அளந்து பார்த்தார்களா? பெரிய ஆட்களுக்கு வைக்கிற மலசலகூடப் பேசினை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திறந்திருந்த காலத்திலும் சின்னவர்கள் உள்ளே விழுந்துவிடுவோம் என்று அழுதார்கள். சொல்லத் தொடங்கினால் கனக்க இருக்கிறது. இப்போது நான் கேட்பது அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லித்தான்.

தண்ணீர் இல்லாமல் திறந்து என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நான் கணக்குப் பார்த்தேன். 27 பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு தரம், ஒரு தரத்துக்கு மூன்று லீற்றர் ஊற்றினால் ஒரு நாளைக்கு 162 லீற்றர். ஐந்து நாளைக்கு 810. மேலே வெறுமையாக இருக்கிற தாங்கி 1000 லீற்றர். சபையின் பவுசர் திங்கட்கிழமை ஒரு தரம் வந்து நிரப்பிவிட்டால் கை கழுவவும் மிச்சம் இருக்கும். மோட்டர் திருத்தும்வரை இது போதும். மாரி தொடங்கிவிட்டால் பக்கத்துக் கிணற்றிலேயே அள்ளலாம்.

ஆகவே தயவுசெய்து மலசலகூடத்தைத் திறந்துவிடுங்கள். சாவி அலுவலகத்து லாச்சிக்குள் இருக்க வேண்டாம், ரீச்சர்மாரின் கையில் இருக்கட்டும். கிழமைக்கு ஒரு பவுசர் தண்ணீர் தாருங்கள். அடுத்த வருடப் பாதீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கேற்ற பேசின் ஒன்றுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

கழுவித் துப்புரவாக வைத்திருக்கத் தாய்மார் நாங்கள் முறை போட்டுவிட்டோம். முதல் கிழமை என்னுடையது. வாளியும் தும்புத்தடியும் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாசலில் நிற்பேன். யாரிடமாவது சாவியைக் கொடுத்து அனுப்புங்கள், ஐயா.

இப்படிக்கு,
உங்கள் பிரதேசத்துத் தாய் ஒருத்தி