பழைய ட்ரையல்ஸ் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

வணக்கம் நண்பர்களே,

ஞாயிறு ட்ரையல்ஸ் பயிற்சிக்கு (பாறை, மேடுகளில் கால் ஊன்றாமல் ஓட்டும் போட்டி) வண்டியை எடுக்கும் முன், ஃபைபர் கிளாஸ் டேங்க் வைத்திருப்பவர்கள் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கின் இழைகளைப் பிணைக்கும் பழைய ரெசினை (பிசினை) இளக்கிவிடும். போன மாதம் என் புல்டாகோ ஷெர்பா (பழைய ஸ்பானிஷ் ட்ரையல்ஸ் வண்டி) பாறை மேட்டின் பாதியில் திணறி நின்றது. கார்புரேட்டரைக் கழற்றினால் கிண்ணத்தின் அடியில் தேன் நிறத்தில் பிசுபிசுப்பு, பைலட் ஜெட் (குறைந்த வேகத்தில் பெட்ரோல் விடும் சிறு துளை) முழுக்க அடைப்பு. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். அலுமினிய டேங்க் மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு என்பது என் கருத்து.

டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கண்ணளவில் ஊற்ற வேண்டாம். பெட்ரோல் 40 பங்குக்கு ஆயில் 1 பங்கு என்றால் 5 லிட்டருக்கு 125 மில்லி.

பின் டயரில் காற்றழுத்தம் 4 முதல் 5 பிஎஸ்ஐ, முன்னால் ஒரு பிஎஸ்ஐ கூடுதலாக இருக்கட்டும். சாதாரண கேஜ் இவ்வளவு குறைவாகச் சரியாகக் காட்டாது. ட்யூப் டயர் என்றால் ரிம் லாக் (டயரை ரிம்மோடு பிடித்து வைக்கும் பூட்டு) இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டயர் வழுக்கி, வால்வைப் பிய்த்துவிடும். சாலையில் ஏறும் முன் மறக்காமல் காற்று நிரப்புங்கள்.

புதியவர்களுக்கு, போட்டியின் ஒவ்வொரு பகுதியிலும் அபராதப் புள்ளிகள் இப்படி: ஒரு முறை கால் ஊன்றினால் 1, இரண்டு முறை 2, அதற்கு மேல் எத்தனை என்றாலும் 3, அந்தப் பகுதியை முடிக்க முடியாமல் தோற்றால் 5. 1965-இல் ட்ரையல்ஸ் வீரர் சாமி மில்லர், ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையலை வென்றது ஒரு ஷெர்பாவில்தான். அந்த மாடல் வண்டி இன்னும் நம் கையில் ஓடுவதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

குறைந்த அழுத்த கேஜ் என்னிடம் இரண்டு இருக்கிறது, எடுத்து வருகிறேன்.