பெட்டயாவெசி மரக்கோயிலும் எங்கள் நன்றிக்கடனும்

அன்புடையீர்,

நடு ஃபின்லாந்தில் இருக்கும் பெட்டயாவெசி பழைய ஆலயத்தைப் பற்றித் தமிழில் ஒரு சிறு வரலாற்றுக் கையேடு போட வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவழியாக முடித்து அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். யுவாஸ்கிலாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், கோடையில் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைத் தவறாமல் கூட்டிப்போகும் இடம் அது. சுமார் 35 கிலோமீட்டர்தான். உள்ளே நுழைந்ததும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "முழுக்க மரமா இருக்கே, கரையான் அரிக்காதா?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் கையேடு உருவானது. வழியில் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

முதலில் அந்தத் தச்சருக்கு. பழைய கட்டை வீடுகளைப் பழுதுபார்ப்பதே அவர் தொழில். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. கரையான் கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தக் குளிருக்குக் கரையான் வராது, இங்கே மரத்துக்கு எமன் ஈரமும் நெருப்பும்தான் என்றார். அப்புறம் தரையில் குச்சிகளை அடுக்கி, பைன் கட்டைகளை எப்படிக் கிடைமட்டமாக ஒன்றின் மேல் ஒன்று ஏற்றுகிறார்கள், மூலையில் எப்படி வெட்டிக் கோத்துப் பூட்டுகிறார்கள், காற்று புகாமல் நடுவே எப்படிப் பாசியைத் திணிக்கிறார்கள் என்று பொறுமையாகக் காட்டினார். எங்களுக்குக் கண் திறந்தது ஒரு விஷயத்தில். ஒரு மரம் வளரும் உயரத்துக்குத்தான் கட்டை நீளும். நேர் சுவரை அதற்கு மேல் நீட்டினால் இணைப்பு பலவீனமாகும், சுவர் பிதுங்கும். சிலுவை வடிவில் கட்டினால் பன்னிரண்டு மூலைகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு மூலையும் சுவரை இழுத்துப் பிடிக்கிறது, உள்ளே இடமும் கூடுகிறது. சிலுவை என்றால் பக்திக்காக மட்டும் என்று நினைத்திருந்த எங்களுக்கு, அதில் தச்சுக் கணக்கும் இருப்பது புரிந்தது. கையேட்டின் இரண்டாம் பக்கத்துப் படம் அவர் அடுக்கிய குச்சிகளைப் பார்த்து வரைந்ததே.

கோடை மாதங்களில் அங்கே வழிகாட்டியாக நிற்கும் கல்லூரி மாணவிக்கு அடுத்த நன்றி. கூட்டம் போன பிறகும் எங்களுக்காகத் தங்கி விளக்கினார். கட்டிய ஆண்டுகள் 1763 முதல் 1765 வரை. பெட்டயாவெசி அப்போது தனிச் சபை அல்ல. யாம்சா என்ற தாய்ச்சபையின் கீழ் இருந்த கிளைச்சபை. ஃபின்லாந்தே அன்று ஸ்வீடன் அரசின் பகுதி. கட்டியவர் யாக்கோ லெப்பானென் என்ற கிராமத்துத் தலைமைத் தச்சர். நான்கு கைகளும் சமமான சிலுவை, நான்கின் மேலும் வளைந்த மரக் கூரை, நடுவில் எண்கோணக் குவிமாடம். தெற்கு ஐரோப்பாவில் கல்லில் கட்டிய வடிவத்தைக் காட்டுக்குள் கோடாரியால் செய்திருக்கிறார் மனிதர். பிரசங்க பீடத்தைத் தோளில் தாங்கி நிற்பது புனித கிறிஸ்தோபர் உருவம். பார்த்தால் கிராமத்துக் கையின் முரட்டு வேலை, அதுதான் அழகு. பெரிய நகரத்துச் சிற்பி ஒருவர் செய்திருந்தால் இத்தனை நேரம் அதன் முன்னால் நின்றிருக்க மாட்டேன். 1821இல் மணிக்கூண்டை எழுப்பியவர் யாக்கோவின் பேரன் எர்க்கி லெப்பானென். அதற்குள் நாடு ஸ்வீடனிடமிருந்து ரஷ்யப் பேரரசரிடம் கை மாறியிருந்தது. தச்சுக் குடும்பம் மட்டும் மாறவில்லை.

1776இல் ஸ்வீடனின் மூன்றாம் குஸ்தாவ் அரசர், ஆலயங்கள் உள்ளிட்ட பொதுக் கட்டடங்களின் வரைபடங்கள் எல்லாம் ஸ்டாக்ஹோமில் ஒப்புதல் பெற வேண்டும் என்று உத்தரவு போட்டார் என்பதைத் தேடி எடுத்துத் தந்தவர் யுவாஸ்கிலா நூலகத்து ஊழியர் ஒருவர். பதினோரு ஆண்டுகள் முந்தியதால் யாக்கோ தப்பித்தார் என்று சொல்லலாம். பிந்தியிருந்தால் தலைநகரத்து அலுவலகம் ஒன்று அவருடைய கூரையில் கை வைத்திருக்கும். நூலகருக்கு நன்றி, நாங்கள் கேட்காத நூல்களையும் சேர்த்து எடுத்து வைத்ததற்கு.

பெட்டயாவெசிக்காரரான ஒரு பாட்டியம்மா காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்து, இரு ஏரிகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் ஏன் ஆலயத்தைக் கட்டினார்கள் என்று சொன்னார். சாலை என்று பேருக்குக்கூட இல்லாத காலம். கோடையில் ஊர் ஊராக நீண்ட படகுகளில் துடுப்புப் போட்டு ஆராதனைக்கு வருவார்கள், குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் பனிச்சறுக்கு வண்டி. தண்ணீர்தான் நெடுஞ்சாலை. அதனால் அங்கே நின்று பார்த்தால் ஆலயம் ஒதுக்குப்புறத்தில் இருப்பதாகத் தோன்றுவது நம் கார் புத்திக்குத்தான்.

இனி, நேரில் நன்றி சொல்ல முடியாதவர்கள். 1879இல் ஊருக்குப் புது ஆலயம் வந்ததும் பழையதைக் கவனிப்பாரில்லை. கல்லறைத் தோட்டமும் மணிக்கூண்டும் மட்டும் தொடர்ந்து பயன்பட்டன. அந்த நூற்றாண்டில் ஃபின்லாந்தின் எத்தனையோ மரக்கோயில்களில் சுவருக்குப் பலகை அடித்தார்கள், வெள்ளைப் பூச்சு பூசினார்கள், அடுப்பு வைத்தார்கள். இங்கே யாரும் அதற்கெல்லாம் செலவு செய்யவில்லை. சுவர்க் கட்டைகள் வண்ணம் படாமலே பழுத்து நிற்கின்றன, இன்றைக்கும் உள்ளே சூடேற்றும் வசதி கிடையாது. ஆகவே எங்கள் கையேட்டில் துணிந்து ஒரு வரி எழுதியிருக்கிறோம்: இந்த ஆலயத்தைக் காப்பாற்றியதில் கவனிக்காமல் விட்டவர்களுக்கும் பங்கு உண்டு. இதைப் படித்த ஒரு நண்பர் முகம் சுளித்தார். இருந்தாலும் வரி அப்படியே இருக்கிறது.

1920களில் இதன் மதிப்பை உரக்கச் சொன்னவர் ஆஸ்திரியக் கலை வரலாற்று அறிஞர் யோசெப் ஸ்ட்ஷிகோவ்ஸ்கி. அதற்குப் பிறகுதான் பழுதுபார்ப்பு வேலை நடந்தது. பிற்காலத்தில் இனவாதம் பக்கம் சாய்ந்தவர் அவர். அந்தக் கருத்துகளுக்கு எங்கள் மடலில் இடமில்லை, ஆலயத்தைப் பார்த்த கண்ணுக்கு மட்டும் நன்றி. 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கிறிஸ்தவச் சொற்களைச் சரிபார்த்துக் கொடுத்த தரங்கம்பாடிப் பக்கத்துக் குருவானவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஃபின்லாந்தின் அன்றைய சபை வாழ்க்கையைப் பற்றி நாங்கள் எழுதியதை வாட்ஸப்பில் படித்துவிட்டு அவர் உற்சாகமாகிவிட்டார். 1686இன் ஸ்வீடன் திருச்சபைச் சட்டப்படி, சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தரின் ஞானோபதேசம், அதாவது கேள்வி பதிலாக எழுதிய சமயப் பாடம், தெரியாதவர்களுக்குக் கல்யாணமே கிடையாது. பண்ணை வீடுகளில் மக்களைக் கூட்டிவைத்து வாசிக்கச் சொல்லிப் பரீட்சை நடத்துவார்கள். 1706இல் ஜெர்மானிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கி, நம் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்ததும் அதே ஞானோபதேசம்தான் ஐயா என்று எழுதி, மனப்பாடக் கேள்வி இரண்டையும் அனுப்பி வைத்தார். எங்களில் ஒருவருக்கும் பதில் முழுசாக வரவில்லை.

மெய்ப்புப் பார்த்த அக்காவுக்கும், படங்களைப் பக்கத்தில் பொருத்திய தம்பிக்கும், எங்கள் அரைகுறை ஃபின்னிஷைச் சகித்துக்கொண்ட சபை அலுவலகத்தாருக்கும் நன்றி. தீ பாதுகாப்பைப் பற்றி நாங்கள் கேட்ட அத்தனைக்கும் அந்த அலுவலகத்தார் முகம் கோணாமல் பதில் சொன்னார்கள். 2016 ஈஸ்டர் சமயத்தில் யுலிவியெஸ்கா ஊரின் 1786ஆம் ஆண்டு மரக்கோயிலை யாரோ கொளுத்தியதில் அது சாம்பலாகிப் போனது நாடு முழுக்கத் தெரிந்த துயரம். பெட்டயாவெசியில் நெருப்புக்கு இவ்வளவு பயப்படுவதில் ஆச்சரியமில்லை.

கையேடு விலையில்லை. வேண்டுபவர்கள் எங்கள் சங்கத்து ஞாயிறு வகுப்பில் வாங்கிக்கொள்ளலாம், ஊரிலிருந்து வருபவர்களுக்காகக் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். ஆலயம் கோடையில்தான் திறந்திருக்கும். ஜூலையிலும் உள்ளே சில்லென்று இருக்கும், பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கையேட்டுக் குழுவினர் சார்பில்