இரும்பு உறை பிளக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். காசிமேடு, ராயபுரம் பக்கம் வெல்டிங், லேத் பட்டறை நடத்தும் நம் உறுப்பினர்கள் எல்லாருக்கும்.

பழைய இரும்பு உறை பிளக் இன்னும் பல பட்டறைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே போட்டாலும் உடையாது என்பதுதான் அதன் பெருமை; ஆபத்தும் அந்த உறையில்தான். கேபிள் நுழையும் இடத்து ரப்பர் காய்ந்துவிட்டால், இழுக்கும்போதெல்லாம் பாரம் உள்ளே இருக்கும் ஸ்க்ரூவில் விழும். ஒருநாள் பேஸ் ஒயர் (கரண்ட் வரும் ஒயர்) கழன்று உறையைத் தொடும். எர்த் நன்றாக இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் விட்டுப்போயிருந்தால் எதுவும் போகாது, பிளக்கைப் பிடுங்குபவர் கையில் 230 வோல்ட். நம் உப்புக்காற்றில் எர்த் ஸ்க்ரூ பச்சை பூத்துக் கிடப்பது வெளியே தெரியாது. மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

மாற்றாக, பிளாஸ்டிக் உறை இன்டஸ்ட்ரியல் பிளக் போடலாம்: சிங்கிள் பேஸுக்கு நீலம், த்ரீ பேஸுக்கு சிவப்பு. எர்த் பின் தடிமனாக இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு ஐபி 44 (தண்ணீர், தூசி உள்ளே புகாமல் தடுக்கும் அளவைக் காட்டும் எண்) போதும்; ஐஸ் தண்ணீர் தேங்கும் இடமென்றால் ஐபி 67. சாக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், பழையதில் இது ஏறாது. ஏற வைக்கிறேன் என்று எர்த் பின்னை அறுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

எத்தனை வேண்டும், 16 ஆம்பியரா 32 ஆம்பியரா என்று சனிக்கிழமைக்குள் இங்கே போடுங்கள், மொத்தமாக விலை பேசலாம். அப்புறம், கழற்றியதைக் காயலான் கடையில் போடுமுன் சுத்தியலால் ஒரு போடு போட்டுவிடுங்கள். முழுசாகப் போனால் அடுத்த மாதமே வேறு பட்டறையில் மாட்டியிருப்பார்கள்.