தம்பி மகனுக்கு எந்தப் பள்ளி?

துபாய்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

தம்பி குடும்பத்தோடு இங்கே மாற்றலாகி வருகிறான், எட்டாவது படிக்கும் மகனை பிரிட்டிஷ் பள்ளியில் சேர்ப்பதா, சிபிஎஸ்இயிலேயே விடுவதா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வகுப்புக் கணக்கு. பிரிட்டிஷ் பள்ளியில் இயர் என்பது நம் வகுப்பைவிட ஒன்று கூடுதல். எட்டு முடித்தவன் இயர் டென்னில் சேர வேண்டும். இயர் டென்னும் லெவனும் சேர்ந்து இரண்டு வருடப் படிப்பு, முடிவில் மே, ஜூனில் ஐஜிசிஎஸ்இ தேர்வு, நம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மாதிரி. இயர் டென் தொடக்கத்திலேயே சேர்ந்துவிட்டால் சிரமமில்லை. நடுவில் வந்தால் பெரும்பாடு. இன்னொன்று, இந்தியப் பள்ளிகள் இங்கேயும் ஏப்ரலில் திறந்துவிடும். பிரிட்டிஷ் பள்ளிகளில் புது வருடம் ஆகஸ்ட் கடைசியில்தான். ஏப்ரலில் இயர் நைன் கடைசி டெர்மில் இடம் கிடைத்தால் போட்டுவிடச் சொல். பாடத்துக்காக இல்லை, பையனுக்கு முன்கூட்டியே நாலு கூட்டாளிகள் கிடைப்பார்கள். அரபி நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு வரை கட்டாயம். எழுத்தே தெரியாதே என்று பயப்பட வேண்டாம், புதிதாக வருகிறவர்களுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்லித் தருவார்கள்.

இனி, எனக்கு இந்தப் படிப்பில் பிடித்ததைச் சொல்கிறேன். நீயும் ஃபிசிக்ஸ் டீச்சர் என்பதால் உனக்கு உடனே புரியும்.

ஐஜிசிஎஸ்இக்கு அடுத்தது ஏ லெவல், நம் பிளஸ் டூ மாதிரி. கேம்பிரிட்ஜ் ஏ லெவல் ஃபிசிக்ஸில் செய்முறைக்கென்று இரண்டு மணி நேரத் தாள் ஒன்று உண்டு. 40 மதிப்பெண். மாணவன் முன்பு செய்து பார்த்திராத சோதனையைத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். போன வாரம் மாதிரித் தேர்வில் ஒரு மரக்கோலை இரண்டு நூலில் தொங்கவிட்டு ஆடவிடச் சொன்னேன். நூல்களுக்கு நடுவே உள்ள தூரத்தை மாற்றி, இரண்டே இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டிலிருந்தும் ஒரு மாறிலியைக் கணக்கிட்டு, கொடுத்த சூத்திரம் சரிதானா என்று சொல்ல வேண்டும். ஒரு எகிப்துப் பையனுக்கு இரண்டு விடையும் ஒத்துப்போகவே இல்லை. 'சூத்திரம் பொருந்தவில்லை' என்று எழுதி, எவ்வளவு விலகல், தன் அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று காரணத்தையும் எழுதியிருந்தான். அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். கடைசியில் சோதனையின் குறைகள் நான்கும், அவற்றைத் திருத்தும் வழிகள் நான்கும் எழுத வேண்டும். கோல் ஆடும்போது பக்கவாட்டிலும் அசைகிறது, அதனால் ஒரு ஆட்டம் எங்கே முடிகிறது என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தான். தன் கையால் செய்து பார்க்காதவனால் அப்படி எழுத முடியாது.

நம் காலத்து ரெக்கார்டு நோட்டை நினைத்துப் பார். புவியீர்ப்பு முடுக்கம் g எல்லோருக்கும் 9.8 தான். வராவிட்டாலும் வரவைத்துவிடுவார்கள். இங்கே விடை தப்பினாலும் ஒரு பிள்ளை தைரியமாக அதை அப்படியே எழுதுகிறது. இந்த ஒன்றுக்காகவே இந்த வேலையை நேசிக்கிறேன்.

அதற்காக இங்கே மனப்பாடமே இல்லை என்று நினைத்துவிடாதே. பழைய வினாத்தாள்களும், எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்லும் மார்க் ஸ்கீமும் இணையத்தில் கிடைக்கின்றன. 'இரண்டு அளவீடு போதாது, இன்னும் பல எடுத்து வரைபடம் வரைய வேண்டும்' என்ற வரியை எந்தச் சோதனை வந்தாலும் முதல் குறையாக எழுதிவிடும் பிள்ளைகள் நிறைய. அதற்கும் மதிப்பெண் உண்டு. டியூஷன் சென்டர்களும் இதைத்தான் விற்கின்றன. எனக்கு அது வருத்தம்தான்.

பாடத் தேர்வு தாராளம். நம் பிளஸ் டூ போல குரூப் கட்டிவைத்திருக்க மாட்டார்கள். ஃபிசிக்ஸ், கணக்கு, வரலாறு மூன்றையும் சேர்த்தே ஏ லெவலில் எடுக்கலாம், பள்ளியின் டைம்டேபிள் இடம் கொடுத்தால். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு மூன்று பாடத்தோடு சரி. பதினாறு வயதில் மற்றதெல்லாம் கைவிட்டுப் போகிறது.

தம்பி தீர்மானிக்க வேண்டியது இங்கேதான். பையன் இந்தியாவில் மருத்துவமோ ஐஐடியோ படிக்க வேண்டும் என்றால் நீட், ஜேஇஇ இரண்டுமே சிபிஎஸ்இ படித்தவனுக்குத்தான் கைவந்த பாதை. ஏ லெவலை இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறது, ஆனால் நுழைவுத் தேர்வின் பாடம் வேறு, வேகம் வேறு. ஐஜிசிஎஸ்இ முடித்ததும் பிள்ளையை சிபிஎஸ்இ பதினொன்றுக்கு மாற்றும் நம் ஊர்க் குடும்பங்களை இங்கே பார்க்கிறேன். முதல் ஆறு மாதம் அந்தப் பிள்ளைகள் படும் பாடு கொஞ்சமல்ல. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று போகும் எண்ணமும் அதற்கான பணமும் இருந்தால் பிரிட்டிஷ் பள்ளி நேர்வழி.

பணம் என்றதும் நினைவு வருகிறது. கட்டணம் இந்தியப் பள்ளிகளைப்போலப் பல மடங்கு. தேர்வுக் கட்டணம் பாடத்துக்குப் பாடம் தனி. கம்பெனி படிப்புச் செலவு தருமா, எத்தனை வருடத்துக்கு என்று தம்பி எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். பள்ளியின் தரத்தை விளம்பரத்தை வைத்து எடைபோட வேண்டாம். கேஎச்டிஏ என்ற அரசு அமைப்பு 2008 முதல் தனியார் பள்ளிகளை ஆய்வு செய்து அறிக்கையை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது.

அப்புறம், பிள்ளைகள் பிரியும் விஷயம். அப்பாவின் வேலை போனால் விசாவும் போகும், வருடத்தின் நடுவிலேயே ஒரு நாற்காலி காலியாகும். ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து நாட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் பழகுவது பெரிய கொடுப்பினை. ஆனால் பழகிய வேகத்திலேயே விடைகொடுக்கவும் வேண்டும். பையன் கூச்ச சுபாவம் என்று எழுதியிருந்தாய். அம்மாவும் அப்பாவும் முதல் வருடம் அவனோடு தினமும் உட்கார்ந்து பேச வேண்டும், எந்தப் பள்ளியானாலும்.

என் கருத்து கேட்டால், டாக்டர் ஆசை உறுதி என்றால் சிபிஎஸ்இ. இன்னும் எதுவும் முடிவாகவில்லை, பன்னிரண்டு வரை இங்கேயே இருப்போம் என்றால் பிரிட்டிஷ். இரண்டு வருடத்தில் திரும்புவதாக இருந்தால் நிச்சயம் வேண்டாம். தம்பியை என்னிடம் நேரடியாகப் பேசச் சொல்.

ஜூலையில் எங்களுக்கு லீவு, உங்கள் பள்ளி திறந்திருக்கும். தலைமையாசிரியர் அனுமதித்தால் ஒருநாள் உன் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அந்த மரக்கோல் சோதனையைச் செய்து காட்ட ஆசை. இரண்டு ஸ்டாண்டு, ஒரு மீட்டர் ஸ்கேல், நூல், ஸ்டாப் வாட்ச் இருந்தால் போதும். லேபில் ஸ்டாண்டு எத்தனை நல்ல நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுது. குறைந்தால் வரும்போது வாங்கி வருகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பி.எட். தோழி