நீ கேட்ட வரிகள்

அன்புள்ள மகளுக்கு,

நாவல்களிலிருந்து எனக்குப் பிடித்த நாலு வரி அனுப்பச் சொல்லியிருந்தாய். கூடவே, "மருந்து நோயைத் தீர்க்கிறது, பாலம் ஆளை அக்கரை சேர்க்கிறது, ஒரு கதை வரி என்னம்மா செய்கிறது?" என்றும் கேட்டிருந்தாய். வரிகளை மட்டும் எழுதி அனுப்புவது ஒரு நிமிட வேலைதான். ஆனால் எந்த வரியையும் கதையிலிருந்து பிய்த்துக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. அதை யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். உன் இரண்டாவது கேள்விக்குப் பதிலும் அதிலேயே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் உனக்கும் தெரிந்த ஒன்று. "மனிதனை அழிக்கலாம், தோற்கடிக்க முடியாது." ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட 'கிழவனும் கடலும்' நாவலில் வருவது. சுவரில் எழுதி மாட்டினால் வெற்றி முழக்கம் மாதிரித்தான் தெரியும். ஆனால் சாந்தியாகோ கிழவர் அதைச் சொல்லும்போது நிலைமை என்ன தெரியுமா? முதல் சுறா வந்து, அவர் உயிரைக் கொடுத்துப் பிடித்த பெரிய மீனில் சுமார் 40 பவுண்டு சதையைப் பிடுங்கிவிட்டது. அவர் அதைக் கொன்றுவிட்டார், ஆனால் குத்திய ஈட்டியும் கயிறும் சுறாவோடு சேர்ந்து கடலுக்குள் போய்விட்டன. மீனிலிருந்து ரத்தம் வடிகிறது. அந்த வாடைக்கு இன்னும் சுறாக்கள் வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். படகில் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. அப்போதுதான் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். கரைக்கு வந்து சேரும்போது மீனில் தலையும் முள்ளும் வாலும்தான் மிச்சம். இவ்வளவும் தெரிந்த பிறகு படித்தால், ஒரு வயதான மனிதர் அடுத்து வரப்போவதற்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளும் குரல் அதில் கேட்கும். எனக்கு அந்தக் குரல்தான் வேண்டும்.

டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' எப்படித் தொடங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மகிழ்ச்சியான குடும்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன, மகிழ்ச்சியற்ற ஒவ்வொரு குடும்பமும் அதனதன் வழியில் மகிழ்ச்சியற்று இருக்கிறது. பின்பாதி பொன்னான வார்த்தை. முன்பாதியை நான் நம்புவதில்லை. சந்தோஷமான வீடுகளும் ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை, கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் தெரியும். சரி, அவரோடு சண்டை போட எனக்கு ஒரு வரி கிடைத்ததே, அதுவும் சந்தோஷம்தான்.

கலையைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் எடுத்துச் சொல்கிற வரி, "அழகு உலகைக் காப்பாற்றும்." தஸ்தயேவ்ஸ்கி சொன்னார் என்பார்கள். 'அசடன்' நாவலைத் திறந்து பார். கதாநாயகன் மிஷ்கின் அதைச் சொல்வதை நாம் நேரில் கேட்பதே இல்லை. காசநோயில் செத்துக்கொண்டிருக்கும் இப்போலித் என்ற இளம்பையன், நாலு பேர் முன்னால் அவரிடம் கேட்கிறான்: அழகு உலகைக் காப்பாற்றும் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்களாமே, உண்மையா? அதோடு விடவில்லை, எந்த அழகு காப்பாற்றும் என்றும் கேட்கிறான். மிஷ்கின் அவனை உற்றுப் பார்க்கிறார். பதில் சொல்வதில்லை. அந்த நாவலில் அழகு யாரையும் காப்பாற்றவும் இல்லை, பேரழகியான நஸ்தாஸ்யா கடைசியில் கொலையாகிக் கிடக்கிறாள். சாகப்போகிற ஒரு பையன் கேட்டு, பதில் கிடைக்காமல் போன கேள்வி அது. அதைப் போய்த் தீர்ப்பு மாதிரி மேடையில் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கேள்வியாகவே இருக்கட்டும். கேள்வியாக இருந்தால்தான் அது நம்மை விடாது.

நம் மொழியில் ஒன்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்', 1934. சின்னக் கதை. அடிபட்டுப் படுத்திருக்கும் கணவனுக்கு வேண்டியதை வாங்கக் கையில் காசில்லாத அம்மாளு, இருட்டுச் சந்துக்குள் ஒருவனோடு போய்விட்டு வருகிறாள். அவ்வளவுதான் சம்பவம். பிறகு கதைசொல்லி சட்டென்று நம் பக்கம் திரும்புகிறார்: "என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான் ஐயா, பொன்னகரம்!" அந்த 'ஐயா'வைக் கவனி. அதுவரைக்கும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வாசகரைக் கையைப் பிடித்துச் சந்துக்குள் இழுத்துவிடுகிற சொல் அது. அறிவுரை ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அதைப் படித்தவர்கள் அதற்கப்புறம் ஒரு பெண்ணைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுவதற்கு முன் கொஞ்சம் தயங்குவார்கள் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்தது. "கையெழுத்துப் பிரதிகள் எரிவதில்லை." ரஷ்ய எழுத்தாளர் புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலில் வோலந்த் சொல்வது. வோலந்த் யார் என்றால், மாஸ்கோவுக்கு வந்திருக்கும் சாத்தான். கதையில் மாஸ்டர் என்று அழைக்கப்படும் எழுத்தாளர், தான் எழுதிய நாவலை அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன் என்கிறார். இருக்காதே, பிரதிகள் எரிவதில்லையே என்று சொல்லிவிட்டு வோலந்த் தன் பூனையைத் திரும்பிப் பார்க்கிறார். பூனை நாற்காலியிலிருந்து எழுந்து குதிக்கிறது. பார்த்தால், இவ்வளவு நேரமும் அது உட்கார்ந்திருந்தது ஒரு தடித்த காகிதக் கட்டின் மேல்!

இதை எழுதிய மனிதர் தன் நாவலின் முதல் வரைவை நிஜமாகவே அடுப்பில் போட்டவர். 1930இல் சோவியத் அரசுக்கு எழுதிய கடிதத்தில், சாத்தானைப் பற்றிய நாவலின் வரைவை என் கையாலேயே அடுப்பில் எறிந்தேன் என்று அவரே சொல்கிறார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து எழுதினார். கடைசி நாட்களில் பார்வை மங்கிப் படுக்கையில் கிடந்தபோது, அவர் சொல்லச் சொல்ல மனைவி யெலேனா திருத்தங்களை எழுதிக்கொண்டார். 1940இல் அவர் இறந்துபோனார். நாவல் 'மாஸ்க்வா' என்ற பத்திரிகையில் வந்தது 1966-67இல், அதுவும் தணிக்கையில் நிறைய வெட்டுப்பட்டு. இடைப்பட்ட காலமெல்லாம் அந்தக் கட்டைப் பத்திரமாகக் காப்பாற்றியது யெலேனா. பிரதிகள் எரியும் கண்ணம்மா, நன்றாகவே எரியும். யாராவது ஒருவர் விடாப்பிடியாக வைத்திருந்தால்தான் தப்பிக்கும். அச்சாகும் என்ற நம்பிக்கையே இல்லாத ஒரு நாவலுக்குள் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு வரியை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

இப்போது உன் பாலத்துக்கும் மருந்துக்கும் வருகிறேன். ப்ரீமோ லெவி என்று ஒரு இத்தாலிய வேதியியலாளர். நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதியாக இருந்தவர். 'இது ஒரு மனிதனா' என்ற அவருடைய நினைவுநூல் 1947இல் வந்தது. அதில் ஒரு அத்தியாயம். லெவியும் ழான் என்ற பிரெஞ்சுப் பேசும் இளைஞனும் மற்ற கைதிகளுக்கான சூப்புப் பானையைத் தூக்கி வரப் போகிறார்கள். சமையற்கூடத்துக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் நடை. ழானுக்கு இத்தாலி மொழி கற்றுக்கொள்ள ஆசை. லெவிக்கு எங்கிருந்தோ இத்தாலியக் கவிஞர் தாந்தே நினைவுக்கு வருகிறார். அவருடைய காவியத்தின் 'நரகம்' பகுதியில் கிரேக்க வீரன் யுலிசிஸ் தன் மாலுமிகளிடம் பேசும் இடம். நீங்கள் விலங்குகளைப் போல வாழப் பிறந்தவர்கள் அல்ல, நற்பண்பையும் அறிவையும் தேடிப் போகப் பிறந்தவர்கள் என்ற வரிகளைச் சொல்லிவிட்டு, ஒரு கணம் தான் யார், எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது என்று எழுதுகிறார் லெவி. அப்புறம் நடுவில் சில அடிகள் ஞாபகம் வரவில்லை. அவை கிடைக்குமென்றால் இன்றைக்கு எனக்கு வரும் சூப்பைக் கொடுத்துவிடுவேன் என்கிறார். அங்கே அந்தச் சூப்பு என்பது அன்றைய உயிர். அதை நாம் அலங்காரப் பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பல வருடம் கழித்து 1986இல் எழுதிய நூலில், அது பொய்யில்லை, உண்மையாகவே கொடுத்திருப்பேன் என்று லெவியே திரும்பவும் சொல்கிறார்.

தாந்தேயின் வரி யாரையும் முகாமிலிருந்து வெளியே கொண்டுவரவில்லை. தாந்தேயை மனப்பாடமாக அறிந்த எத்தனையோ பேர் அங்கே செத்திருப்பார்கள். அதனால் கலை உயிரைக் காக்கும் என்று நான் உன்னிடம் சொல்லமாட்டேன். ஆனால் நீ விலங்கு, வெறும் எண் என்று ஒவ்வொரு நிமிடமும் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், இல்லை என்று சொல்ல ஒரு குரல் தேவைப்பட்டது. அறுநூறு வருடத்துக்கும் முன்னால் எழுதியவரிடமிருந்து அது வந்தது. இத்தனைக்கும் காவியத்தில் அந்தப் பேச்சை நம்பிப் போன மாலுமிகள் கடலில் மூழ்கிப்போகிறார்கள்! பேசியவனும் நரகத்தில் எரிந்துகொண்டிருக்கிறான். இங்கேதான் நான் மேலே சொன்னதோடு கொஞ்சம் முரண்படுகிறேன், பரவாயில்லை. வரியைக் கதையோடு சேர்த்துப் படி என்றேன். ஆனால் தேவை வரும்போது அது கதையை விட்டு எழுந்து வந்துவிடுகிறது. லெவிக்கு அந்த அடிகளைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவருக்கு, அவை ஒருநாள் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

உனக்கு நேரம் இல்லை என்று தெரியும். ரஷ்ய நாவல்களை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். 'பொன்னகரம்' படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது, இன்றைக்கே படித்துவிடு. லெவியின் அந்த அத்தியாயமும் சில பக்கங்கள்தான், 'யுலிசிஸின் காண்டம்' என்று பெயர். அப்புறம், எனக்கும் ஒரு வரி அனுப்பு. எங்கேயோ பார்த்தது வேண்டாம், நீ முழுதாகப் படித்த ஒரு கதையிலிருந்து. யார் சொன்னது, அதற்கு முந்தின பக்கத்தில் அவருக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா