கீசர் போடுவது பற்றி

அனைவருக்கும் வணக்கம். மார்கழி பிறந்ததும் எல்லா வீட்டிலும் கீசர் ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர். 27 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 17 நிமிடம்தான் ஆகும். அரை யூனிட்டுக்குச் சற்று மேல். அதனால் குளிக்கப் போகும் கால் மணி நேரத்துக்கு முன் போட்டால் போதும். தெர்மோஸ்டாட்தான் அணைத்துவிடுமே என்று ராத்திரி முழுக்க போட்டு வைக்காதீர்கள். தொட்டி ஆற ஆற அது மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்து குளித்துவிட்டால் இன்னும் நல்லது.

தெர்மோஸ்டாட்டை 50-இல் வையுங்கள். சென்னைக் குளிருக்கு 60 எதற்கு? எப்படியும் பச்சைத் தண்ணீர் கலந்துதானே குளிக்கிறோம்! சித்திரை, வைகாசியில் மொட்டை மாடி டேங்க் தண்ணீரே கொதிக்கும். அப்போது கீசர் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம், நம் போர் தண்ணீர் உப்பு. காயிலில் உப்பு படிந்தால் சூடேற நேரமாகும், காயிலும் சீக்கிரம் போய்விடும். இந்த ஞாயிறு சர்வீஸ் ஆளை வரச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வேண்டுமென்பவர்கள் வெள்ளிக்குள் பிளாட் எண்ணை இங்கே போடுங்கள்.